இதயத்தைத் தொட நாலு கையெழுத்து

மனித உடம்பில் இதயம் ஒன்றுதான். செம்பூர் ஸ்ரீ ஜீவசேவா நர்சிங் கல்லூரியிலும் ஒன்றுதான். உடம்பில் இருப்பது ஒரு நாளைக்கு லட்சம் தடவை துடிக்கிறது. கல்லூரியில் இருப்பது பதினோரு வருஷமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் சும்மா இருக்கிறது. சும்மா இருப்பதால்தான் அது இன்னும் தேயாமல் இருக்கிறது என்று ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் அனந்தநாராயணன் பெருமையாகச் சொல்வார். இருபத்தாறு வருஷமாக ஒரே நாற்காலியில் இருக்கும் அவரும் தேயாமல்தான் இருந்தார்.

பிளாஸ்டிக்கில் செய்த அந்த மாதிரி இதயத்தை நடுவில் இரண்டாகப் பிரிக்கலாம். பிரித்தால் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை, நடுவே கதவு மாதிரி வால்வுகள் எல்லாம் தெரியும். தெரியும் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருந்தது. பிரித்துப் பார்த்தவர்கள் யாரும் கல்லூரியில் இல்லை. பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் நாலு கையெழுத்து வேண்டும்: வகுப்பு டீச்சர், லேப் இன்சார்ஜ், சூப்பரின்டென்டென்ட், பிரின்சிபால். இதில் லேப் இன்சார்ஜ் பதவி நாலு வருஷமாகக் காலி. இன்சார்ஜ் இல்லாதபோது பிரின்சிபாலே அந்தக் கையெழுத்தைப் போடலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் அதற்கு இன்சார்ஜ் எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதல் வருஷ மாணவி கோகிலவாணிக்கு இந்த விதி புரிய இரண்டு வாரம் ஆயிற்று. தாராவியில் தோல் பை தைக்கும் பேச்சிராஜாவின் மகள் அவள். வகுப்பில் அறுபது பேர். பெட்டியிலிருந்து மூன்றடி தள்ளித் தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடி நீளமான மூங்கில் குச்சியால் காட்டிக் காட்டி டீச்சர் பாடம் நடத்துவார். முன்வரிசைக்காரிகளுக்கு இதயம் தெரியும். பின்வரிசைக்காரிகளுக்கு முன்வரிசைக்காரிகளின் கொண்டை தெரியும். போனில் போட்டோ எடுக்கலாமா என்று கோகிலவாணி கேட்டாள். சொத்துப் பதிவேட்டில் ஏறிய பொருளைப் படம் பிடிப்பது சொத்தை வெளியே கொண்டு போவதற்குச் சமம் என்று ஆபீஸிலிருந்து பதில் வந்தது.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் அந்த இதயம் கையெழுத்து இல்லாமல் வெளியே வரும். அது தசரா. ஊசி, கத்தரி, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, நடுநாயகமாக இதயத்தை வைத்து, சாமந்தி மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் தாராளமாக அப்புவார்கள். துடைப்பதற்குக் கையெழுத்து வேண்டும் என்பதால் துடைக்காமலே உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். பதினோரு தசரா கழிந்தபிறகு அந்த இதயத்தில் எது நல்ல ரத்தம், எது கெட்ட ரத்தம், எது குங்குமம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இந்த நேரத்தில்தான், பிப்ரவரியில் நர்சிங் கவுன்சிலிலிருந்து இன்ஸ்பெக்ஷன் வரும் என்று கடிதம் வந்தது. கல்லூரி முழுக்க வெள்ளையடித்தார்கள். இதயத்துக்கும் பெயிண்ட் அடித்துவிடுவது என்று முடிவாயிற்று; கட்டடப் பராமரிப்புக் கணக்கில் வருவதால் அதற்குக் கையெழுத்து தேவைப்படவில்லை.

தாராவியில் கடை போர்டு எழுதும் முகம்மது ஹனீப் பெயிண்ட் டப்பாவோடு வந்தான். அன்றைக்கு லேப் பெருக்கும் முறை கோகிலவாணிக்கு. அவள் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருக்கும்போதே விஷயம் நடந்தது. எந்தப் பக்கம் எந்தக் கலர் என்று ஹனீப் கேட்டான். படம் பார்த்து அடிக்கலாமென்றால் வெளியாளுக்கு லைப்ரரி புத்தகம் கொடுக்கக் கூடாது. அனந்தநாராயணன் தானே போய்ப் புத்தகத்தைப் படித்து, ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு வந்தார்.

"இடது பக்கம் நல்ல ரத்தம், சிவப்பு. வலது பக்கம் அசுத்த ரத்தம், நீலம். எழுதிண்டே வந்துட்டேன். லெஃப்ட் லால், ரைட் நீலா. சமஜ் கயா?"

ஹனீப் இதயத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தான். "கிஸ்கா லெஃப்ட், சாப்? ஆப்கா யா தில் கா?" என்று கேட்டான். உங்கள் இடதா, இதயத்தின் இடதா என்பது கேள்வி. பன்னிரண்டு வருஷமாக டாக்டர்களின் போர்டில் ஆள் படம் எழுதுகிறவனுக்கு எதிரே நிற்கும் ஆளின் இடது கை எந்தப் பக்கம் வரும் என்று தெரியும்.

கோகிலவாணி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சார், நம்ம எதிர்ல நிக்கிறவங்களோட இடது நமக்கு வலது பக்கம்லா வரும்?" என்றாள்.

"இடதுன்னா எல்லாருக்கும் இடதுதான் குழந்தே" என்றார் அனந்தநாராயணன், கோபமில்லாமல். "மாட்டுங்காவிலயும் இடதுதான், செம்பூர்லயும் இடதுதான். ஆளுக்கொரு இடது வெச்சுண்டா ஆபீஸ் நடக்குமோ?"

அவருக்கு இடப்பக்கமாக இருந்தது சிவப்பாயிற்று. வலப்பக்கமாக இருந்தது நீலமாயிற்று. ஹனீப் நல்ல வேலைக்காரன். பளபளக்கும் எனாமல் பெயிண்டை இரண்டு கோட்டிங் அடித்து, சந்து பொந்தெல்லாம் நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். உலகத்தில் எல்லா மனிதருக்கும் அசுத்த ரத்தம் ஓடும் பக்கத்தில் இந்தக் கல்லூரியில் மட்டும் சுத்த ரத்தம் ஓட ஆரம்பித்தது.

கோகிலவாணி டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் ஆபீஸில் சொல்லச் சொன்னார். ஆபீஸில் மனுவாக எழுதித் தரச் சொன்னார்கள். எழுதித் தந்தாள். ஒன்பதாம் நாள் பிரின்சிபால் சாதனா மேடம் எல்லோரையும் ஹாலுக்குக் கூப்பிட்டார். மேடம் மராத்தி, ஹிந்தி, ஆங்கிலம் மூன்றையும் கலந்து பேசுவார். சாரம் இதுதான்:

"நம் இதயம் தவறு என்று ஒரு மாணவி மனு கொடுத்திருக்கிறாள். அவள் ஆதாரம் என்ன? புத்தகம். அந்தப் புத்தகம் இதுவரை ஏழு பதிப்பு வந்திருக்கிறது. சரியாக இருந்திருந்தால் ஏழு தடவை ஏன் மாற்றுகிறார்கள்? நம் இதயம் பதினோரு வருஷமாக ஒரே பதிப்பு. நர்ஸுக்கு அறிவு முக்கியம்தான். ஆனால் அறிவு யாருக்கும் இருக்கலாம். கீழ்ப்படிதல் நர்ஸுக்குத்தான் இருக்கும். இந்தக் கல்லூரியிலிருந்து போன ஒரு பெண்கூட இதுவரை எந்த டாக்டரிடமும் எதையும் கேட்டதில்லை. அதுதான் நம் பெருமை."

கைதட்டல் எழுந்தது. கோகிலவாணியும் தட்டினாள். தட்டாதவர் பெயரைக் குறிக்க ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

ஆனாலும் மனு என்று வந்துவிட்டால் நடவடிக்கை வேண்டும். வண்ணச் சீராய்வுக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். குழுவில் கணக்கர், ஹாஸ்டல் வார்டன், வேன் டிரைவர் மூவரும் இருந்தார்கள். டீச்சர்களைப் போட்டால் ஏற்கெனவே ஓர் அபிப்பிராயத்தோடு வருவார்கள், நடுநிலை கெட்டுவிடும் என்பது காரணம். குழு மூன்று முறை கூடியது. பெயிண்ட் அடித்த பொருளை ஐந்து வருஷம் ஆவதற்குள் மறுபடி பெயிண்ட் அடிக்க விதியில் இடமில்லை என்று கண்டுபிடித்தது. கடைசியில் வாட்ஸப் குரூப்பில் சர்க்குலர் வந்தது: "அடுத்த வர்ணப் பூச்சு வரை இக்கல்லூரி எல்லைக்குள் ரத்த ஓட்டம் மாதிரியில் உள்ளபடியே கருதப்படும். கல்லூரி எல்லைக்கு வெளியே அவரவர் வழக்கப்படி நடந்துகொள்ளலாம்."

ஜனவரியில் செய்முறைத் தேர்வு. ஐம்பது மார்க். குச்சியைக் கையில் கொடுத்து, உடம்பெல்லாம் சுற்றிவந்த அசுத்த ரத்தம் முதலில் வந்து சேரும் அறையைக் காட்டச் சொன்னார்கள். கோகிலவாணி வலது மேலறையைக் காட்டினாள். அது பளபளவென்று சிவப்பாக இருந்தது. "இது சிவப்பும்மா, இதிலே எப்படி அசுத்த ரத்தம்?" என்று கேட்டார்கள். "ரைட் ஏட்ரியம் மேடம். பெயிண்ட் மாறிப் போச்சு, அறை மாறல" என்றாள். மாதிரிக்கு விரோதமான பதில் என்று எழுதிப் பூஜ்யம் போட்டார்கள். மறுதேர்வு மார்ச்சில். அதிலும் போனால் வருஷம் போச்சு. வருஷம் போனால் சர்க்கார் உதவித்தொகை நிற்கும். அது நின்றால் நர்ஸாவது ஏது, அப்பாவின் பட்டறையில் உட்கார்ந்து பைகளுக்குப் பசை தடவ வேண்டியதுதான்.

பட்டறைக்கு வந்து மூலையில் உட்கார்ந்தவளைப் பேச்சிராஜா மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"ஏட்டி, மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்கு?"

"முட்ட மார்க்குப்பா."

"தெரியாமப் போச்சா?"

"தெரிஞ்சதாலதான் முட்ட."

அழுகையும் ஆத்திரமுமாக எல்லாவற்றையும் சொன்னாள். தனக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது என்றும் சொன்னாள். புத்தகத்தில் படித்தது ஒன்று, தினமும் கண்ணில் படுவது ஒன்று. ராத்திரி கண்ணை மூடினால் ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றே குழம்புகிறது.

"வெளிய நின்னு பாத்துக்கிட்டு உள்ள எத்தன அறைன்னு எப்படிட்டீ சொல்லுவே? ஒரு பையின்னா தெறந்து கையை விட்டுப் பாக்காண்டாமா?"

"தெறக்க நாலு கையெழுத்து வேணும்பா."

"நாலா? நெஞ்சக் கிழிச்சு ஆபரேசன் பண்ணுததுக்கே ஒரு கையெழுத்துதானட்டீ வாங்குதான்!"

புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். படத்தை அரைமணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்து அவருக்கு ஓடாது. படம் ஓடும். பள்ளிக்கூடப் பை ஆர்டரில் மிஞ்சிய சிவப்பு ஆட்டுத்தோலும் நீல ஆட்டுத்தோலும் மூலையில் கிடந்தன. நாலு ஞாயிற்றுக்கிழமையில் ஓர் இதயம் தைத்தார்.

கொஞ்சம் பெரிய இதயம்தான். தர்பூசணி அளவு இருந்தது. முன்னால் ஜிப் வைத்திருந்தார், இழுத்தால் நாலு அறையும் திறக்கும். மகாதமனி என்ற பெரிய ரத்தக்குழாய் வளைந்து போகிற இடத்தைப் பையின் கைப்பிடி மாதிரி உறுதியாகத் தைத்ததால் தூக்கிக்கொண்டு போகவும் வசதி. தைக்கத் தைக்க அவர் கேட்ட கேள்விகளில்தான் கோகிலவாணிக்குப் பாடம் ஏறியது.

"எடது கீழறைக்கு மட்டும் சொவரு ஏன் இம்புட்டு மொத்தமா போட்டிருக்கான்?"

"வலது கீழறை பக்கத்துல இருக்க நுரையீரலுக்குத் தள்ளுனாப் போதும்பா. எடது ஒடம்பு பூரா தள்ளணும்."

"அப்பம் டபுள் தோலு போடணும். பாரம் தூக்குத பைக்கு அடித்தோலு மாதிரி." போட்டார். பிறகு, "ஏட்டி, இதயத்துலேர்ந்து போறது தமனி, செவப்புன்னு சொன்னியே. இது போகுது, ஆனா நீலமா இருக்கு?"

"அது நுரையீரலுக்குப் போற குழாய்ப்பா. அது ஒண்ணு மட்டும் தமனியா இருந்தும் அசுத்த ரத்தத்தக் கொண்டுபோகும். சுத்தமாகித் திரும்பி வாரது சிரை, ஆனா செவப்பு." சொல்லும்போதே அவளுக்கு அது மறக்காது என்று தெரிந்துவிட்டது.

வால்வுக்கு மெல்லிய தோலில் இதழ் வெட்டி வைத்தார், அதற்கு அவர் வைத்த பெயர் ஓலை. தையலுக்கெல்லாம் மெழுகு ஏற்றித் தண்ணீர் விட்டுப் பார்த்தால், இதழ் மூடுவதற்குப் பதில் மறுபக்கம் புரண்டுகொண்டது, காற்றில் குடை புரள்வது போல. பேச்சிராஜா யோசித்து, இதழின் ஓரத்திலிருந்து கீழே சுவர் வரைக்கும் நாலைந்து மெழுகு நூல் இழுத்துக் கட்டினார். அப்புறம் புரளவில்லை. ஒரு சொட்டும் திரும்பிப் போகவில்லை. கோகிலவாணி புத்தகத்தைப் புரட்டினாள். அசல் இதயத்திலும் வால்வு புரளாமலிருக்க அதே இடத்தில் அதே மாதிரி நாண்கள் இருந்தன.

"எப்பா! இதேதான் இருக்கு!"

"பின்ன? புரளுத ஓலையக் கட்டித்தான் வைக்கணும். செஞ்சவனுக்குத் தெரியாதா?"

பிப்ரவரியில் இன்ஸ்பெக்டர் ஷ்யாமளா வந்தார். ரோஜாப்பூ, இளநீர், மாணவிகளின் வரவேற்பு நடனம் எல்லாம் முடிந்து லேபுக்கு வர மதியம் ஆயிற்று. கண்ணாடிப் பெட்டிக்குள் புது மணப்பெண் மாதிரி இதயம் மின்னியது. ஷ்யாமளா மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய், "திறங்கள், உள்ளே பார்க்கலாம்" என்றார்.

இன்ஸ்பெக்டரிடம் நாலு கையெழுத்து கேட்க முடியாது. அனந்தநாராயணன் பூட்டைத் திறந்து இதயத்தை எடுத்துக் கொடுத்தார். ஷ்யாமளா பிரிக்கப் பார்த்தார், வரவில்லை. சாதனா மேடம் பிரிக்கப் பார்த்தார், வரவில்லை. வேன் டிரைவர் முழங்காலில் வைத்து அழுத்தினார், வரவில்லை. ஹனீப் அடித்த இரண்டு கோட்டிங் எனாமல் இரண்டு பாதியையும் ஒன்றாகச் சேர்த்து ஒட்டியிருந்தது.

"மேடம், இது சாலிட் மாடலாக்கும்" என்றார் அனந்தநாராயணன். "உள்ளே ஒண்ணும் கிடையாது. மெயின்டெனன்ஸ் ஈசி."

"அப்படியென்றால் மாணவிகள் எதில் படிக்கிறார்கள்?"

லேபில் நிறுத்தி வைத்திருந்த மாணவிகளின் பின்வரிசையில் ஒரு ஜிப் இழுக்கும் சத்தம் கேட்டது. கோகிலவாணி புத்தகப் பையைத் திறந்து அப்பாவின் இதயத்தைக் கைப்பிடியோடு தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். ஜிப்பைத் திறந்து நாலு அறையையும் காட்டினாள். தண்ணீர் ஜக்கை வாங்கி ஊற்றி, மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்குவதையும், கீழறையை அமுக்கினால் வால்வு மூடிக்கொள்வதையும், தண்ணீர் திரும்பாமல் குழாய் வழியே பீறிட்டு இன்ஸ்பெக்டரின் புடவையில் விழுவதையும் காட்டினாள். அவளோடு படித்தவர்களில் பாதிப் பேர் வால்வு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கண்ணால் கண்டார்கள்.

"அருமை! இது யார் செய்தது?" என்றார் ஷ்யாமளா, புடவையைப் பிழிந்தபடி.

கோகிலவாணி வாயைத் திறப்பதற்குள் சாதனா மேடம், "எங்கள் புதுமைப் பிரிவு, மேடம்" என்றார். அப்படி ஒரு பிரிவு இருப்பது அதுவரை அவருக்கே தெரியாது.

இன்ஸ்பெக்ஷன் அறிக்கை ஒரு வாரத்தில் வந்தது. "மாதிரிகள் இரண்டு உள்ளன. நிறங்கள் ஒன்றுக்கொன்று நேரெதிர். ஒப்பிட்டுப் படிக்க மிகவும் ஏற்றது." கல்லூரிக்கு அங்கீகாரம் நீட்டிக்கப்பட்டது.

மறுநாள் கோகிலவாணியை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். அறிக்கையில் இரண்டு என்று வந்துவிட்டதால் பதிவேட்டிலும் இரண்டு இருந்தாக வேண்டும். இதயத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அனந்தநாராயணன் அதை முகர்ந்து பார்த்தார்.

"என்ன மெட்டீரியல் இது?"

"தோலு சார். ஆட்டுத்தோலு."

பேனா காகிதத்துக்கு மேலே நின்றுவிட்டது. அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார். "தோல்னு எழுதினா தசராவுக்குப் பூஜையிலே வெக்க முடியாது, கேட்டியோ. ரெக்சின்னு போடறேன். ஒனக்கும் நல்லது, கல்லூரிக்கும் நல்லது" என்று சொல்லி எழுதினார். எழுதி முடித்துவிட்டுக் கை கழுவப் போனார்.

திரும்பி வந்ததும் அவள் கேட்டாள். "சார், இன்ஸ்பெக்டர் மேடம் முன்னாடியே செஞ்சு காட்டிட்டேன்லா. அத மறுதேர்வா எடுத்துக்கக் கூடாதா?"

"அன்னிக்கு இது பதிவேட்டிலே இல்லையே குழந்தே. பதிவேட்டிலே இல்லாத இதயத்திலே நீ காட்டினது ஒண்ணும் நடந்ததா ஆகாது. மார்ச்சிலே வா. இதிலேயே வெக்கறோம்."

மார்ச்சில் தோல் இதயம் புதுக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டியிருந்தது. தரையில் இன்னொரு மஞ்சள் கோடு. கோகிலவாணி குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நாலு ஞாயிறு அவள் விரல் போய் வந்த வழி அது. மேல்பெருஞ்சிரை, வலது மேலறை, மூவிதழ் வால்வு, வலது கீழறை, நுரையீரல், திரும்பி இடது மேலறை, ஈரிதழ் வால்வு, டபுள் தோல் போட்ட இடது கீழறை, மகாதமனி. மூச்சு விடாமல் சொன்னாள். நாற்பத்தொரு மார்க் கொடுத்தார்கள்.

"ஒம்போது மார்க்கு எதுக்குட்டீ கொறச்சான்?" என்றார் பேச்சிராஜா.

"மாதிரியப் பாக்காமச் சொன்னேனாம்."

வருஷம் தப்பியது, அது போதும் என்று அவர் சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பற்றி அவள் சொல்லிவிட்டாள். "ரெக்சின் இதயம். அன்பளிப்பு: நிர்வாகம்."

"ரெக்சினா?" மிஷின் நின்றது. "அசல் ஆட்டுத்தோலு. மூக்கு இல்லியா அவனுவளுக்கு?"

"இருக்குப்பா. மோந்து பாத்துட்டுத்தான் எழுதுனாரு. தோலுன்னா பூஜைல வைக்க மாட்டாங்களாம்."

பேச்சிராஜா ஊசியில் நூலைக் கோர்த்தார். அந்தக் காரணம் அவருக்குப் புதிதில்லை. இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே கேட்டுவிட்டு வந்த காரணம்தான். கோகிலவாணிக்குத்தான் தாங்கவில்லை. அன்றைக்கே பேனாவைப் பிடுங்கி, ரெக்சினை அடித்துத் தோல் என்று எழுதியிருக்க வேண்டும் என்று நெஞ்சு கொதித்தது. தான் தலையாட்டிவிட்டு வந்தது வெட்கமாக இருந்தது.

"அழாதட்டீ" என்றார். "ஒவ்வொரு பைக்கும் உள்ள, லைனிங்குக்கு அடில ஒரு அச்சுக் குத்துவம்லா, எம் பேருக்கு. அதுலயும் குத்தியிருக்கேன். எடது வால்வு ஓலைக்கு அடில."

அவளுக்கு நினைவு வந்தது. அந்த இதழுக்கு அடியில் விரலில் தட்டுப்படும் ஒரு மேடு. தையல் முடிச்சு என்று நினைத்திருந்தாள்.

"யாருப்பா அதப் பாக்கப் போறா?"

"தெறந்து பாக்குதவன் பாப்பான்" என்று சொல்லிவிட்டு மிஷினை ஓட்டினார்.

அக்டோபரில் தசரா வந்தது. கோகிலவாணி இப்போது இரண்டாம் வருஷம். மேஜை நடுவில் பிளாஸ்டிக் இதயத்தை ஓரம் தள்ளிவிட்டு, பெரிதாகவும் லட்சணமாகவும் இருந்த ரெக்சின் இதயத்தை வைத்தார்கள். அனந்தநாராயணன் மடியாகப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். மாலை போட்டார். மகாதமனிக்குச் சந்தனம் தடவினார், ஜிப்பின் தலையில் குங்குமம் வைத்தார், தேங்காய் உடைத்தார். பிறகு பக்தியோடு குனிந்து, இரண்டு கையாலும் பேச்சிராஜாவின் ஆட்டுத்தோலைத் தொட்டுத் தொட்டுத் தம் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கோகிலவாணியும் கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டாள். யாரைக் கும்பிட்டாள் என்று கேட்டு எழுதி வாங்கும் சர்க்குலர் இன்னும் வரவில்லை.